ரந்தாவ் குன்றில் காற்றை மறித்து ஒரு குரலைப் பிடித்த நாள்

தோட்டத்து மண்ணில் பிறந்து அடுக்குமாடிகளில் உறங்கும் என் மக்களே, கேளுங்கள். நம்மிடம் ஒரு குறை இருக்கிறது. அதை வெளியார் தலையில் கட்ட முடியாது. மேடைப் பேச்சுகளையெல்லாம் பதிவு செய்து காத்து வைத்திருக்கிறோம். என் பேச்சுகள் மட்டுமே இரண்டு அட்டைப் பெட்டிகள் நிறைய ஒலிநாடாக்களில் கிடக்கின்றன. ரப்பர்ப் பால்மரக் காட்டில் மர நிரைக்கு நிரை குரல் கொடுத்து நம் வீடுகளைத் தாங்கிய பெண்களின் குரல் யாரிடம் இருக்கிறது? இருக்கிறது என்பவர்கள் கைப்பேசியை எடுத்து இயக்கிப் பாருங்கள். காற்றின் உறுமல் கேட்கும். குரல் அதற்கடியில் புதைந்திருக்கும். அப்படி ஒரு குரலைப் புதைக்கும் பிழையை நானும் பாதி செய்துவிட்டேன். மீதியிலிருந்து எப்படித் தப்பினேன் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் தங்கை சரோஜாவுக்கு ஐம்பத்தாறு வயது. ரந்தாவில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறாள். கழுத்தில் தைராய்டுக் கட்டி. அறுவைக்கு நாள் குறித்த மருத்துவர், "பேச்சு இருக்கும். ஆனால் உரக்க உயர்த்திக் கூப்பிடும் குரல் போகலாம், அதற்கான நரம்பு கட்டியை ஒட்டி ஓடுகிறது" என்றாராம். என் தங்கை அதைச் சிரித்துக்கொண்டேதான் தொலைபேசியில் சொன்னாள். "போனா போவட்டும்ணே. நான் என்ன கச்சேரியா பண்ணப் போறேன்."

பதினாறு வயதில் அவள் பால்மரம் சீவப் போனாள். மேட்டு நிரையில் பாலெடுத்து முடித்ததும் குன்றின் விளிம்பில் நின்று என்னை அழைப்பாள். நான் கீழே செம்மண் சாலையில் மிதிவண்டியோடு நிற்பேன். மரங்களுக்கிடையே ஆளை ஆள் பார்க்க முடியாது; குரல்தான் வழி. குரல் கொடுத்தால் மறுகுரல் கொடுத்தே ஆகவேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். மூன்று முறை அழைத்தும் மறுகுரல் வராவிட்டால் பாம்போ பன்றியோ என்று அஞ்சி, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஆள் அனுப்புவார். அந்த அழைப்பை நான் கேட்டு முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அதை அதே குன்றில், அதே வாயிலிருந்து, அறுவைக்கு முன் பதிவு செய்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். கையில் இருந்தது ஒன்பது நாள்.

ஒரு சனிக்கிழமை காலை 6.10க்குப் புச்சோங்கிலிருந்து மகிழுந்தில் கிளம்பினேன். நெடுஞ்சாலை வழியாகச் சுங்கை காடுட் வரை என் வண்டியின் மானி காட்டிய தொலைவு 67 கிலோமீட்டர், 7.15க்குச் சேர்ந்தேன். அங்கே ஒரு தொழிற்சாலையின் வாயிலில் சேவியர் நின்றிருந்தார். நாற்பது வயதுக்காரர். வார நாள்களில் இயந்திரம் பார்ப்பவர், வார இறுதியில் திருமணங்களுக்கும் குறும்படங்களுக்கும் ஒலி பதிவு செய்பவர். இரவு முறை வேலை முடித்து அப்படியே வந்திருந்தார். ஒலிவாங்கி, அதைத் தாங்கும் நீள்கம்பு, பதிவுக்கருவி மூன்றுக்கும் ஒரு நாள் வாடகை 150 மலேசிய வெள்ளி. காற்றுத்தடுப்புக் கூடையும் அதன்மேல் மாட்டும் மென்மயிர் உறையும் தனியே 40 வெள்ளி.

"கூடை வேண்டாம்" என்றேன்.

"ஐயா, வேணாம்னு சொல்லாதீங்க. காசு கொடுக்காட்டியும் பரவால்ல, பின்னாடி கெடக்கட்டும்" என்று அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டார். (கொடுத்துவிட்டேன், பிறகு. முழுதாக.)

சுங்கை காடுட்டிலிருந்து ரந்தாவ் 16 கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம். பட்டணத்தில் ஒரு தமிழ் முசுலிம் உணவகத்தில் சரோஜா எங்களுக்கு முன்பே வந்து அமர்ந்திருந்தாள். மூன்று பேருக்கு ரொட்டியும் தேநீரும் 14 வெள்ளி. கழுத்தில் துணி சுற்றியிருந்தாள். "தூசிக்கு" என்றாள். நான் கேட்கவே இல்லை.

தோட்ட வாயில் அங்கிருந்து 6 கிலோமீட்டர். முன்கூட்டியே அலுவலகத்தில் எழுத்தால் இசைவு வாங்கியிருந்தேன்; நீங்களும் வாங்குங்கள், இல்லையேல் தடுப்புக் கட்டையோடு பேசிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். காவலர் சரோஜாவைப் பார்த்ததும் கட்டையைத் தூக்கினார். "ஆபீஸ் கிராணி போன் பண்ணிட்டாரு. பாத்துப் போங்கக்கா, மேல ஒண்ணுமே இல்ல இப்போ."

ஒன்றுமே இல்லைதான். பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது எனக்குத் தெரியும். அந்தச் செம்பனையும் முதிர்ந்து வெட்டப்பட்டு, மறுநடவுக்காகக் குன்று முழுவதும் மழிக்கப்பட்டுக் கிடந்தது எனக்குத் தெரியாது. முழங்கால் உயரக் கன்றுகள். அவற்றின்மேல் தடையில்லாமல் ஓடும் காற்று. நாங்கள் சிறுவராக இருந்தபோது அந்தக் குன்றில் காற்று என்ற ஒன்றை நான் உணர்ந்ததே இல்லை. மரங்கள் தடுத்து வைத்திருந்தன என்பது அன்றுதான் புரிந்தது. சரோஜா செருப்பை உதறிவிட்டு முன்னால் ஏறினாள்.

அடிவாரத்திலிருந்து உச்சிக்கு 350 மீட்டர் நடை. மணி 9.50. ஒலிப்பதிவுக்கு விடியற்காலையே உகந்தது, காற்று அப்போது உறங்கும். சேவியரின் வேலை நேரத்தால் எங்களுக்கு அது வாய்க்கவில்லை.

மேலே சேவியர் பையைத் திறந்து மூன்று வகைக் காற்றுத்தடுப்புகளையும் துண்டின்மேல் வைத்தார். ஒன்று, நுரைப்பஞ்சு உறை. மேடை ஒலிவாங்கியில் நாம் பார்ப்பது போன்றது. அறைக்குள்ளும் மூச்சுக்காற்றுக்கும் போதும். இரண்டு, அந்தப் பஞ்சின்மேல் இழுத்து மாட்டும் மென்மயிர் உறை. இலை அசையும் காற்றுக்கு. மூன்று, நீண்ட கூடை. ஒலிவாங்கி அதற்குள் எதையும் தொடாமல் தொங்கும், சுற்றிலும் அசையாத காற்று நிற்கும், கூடைக்கு வெளியே இன்னொரு மயிருறை. சட்டை படபடக்கும் காற்றுக்கு இதுதான்.

சரோஜா மயிருறையைத் தடவிப் பார்த்தாள். "இது என்ன தம்பி, பூனையா?"

"டெட் கேட்னு சொல்வாங்கக்கா. செத்த பூனை."

"அதையா என் மூஞ்சிக்கு மேல புடிக்கப் போற? உசுரோட இருக்கிற பூனைன்னாகூட சும்மா இருப்பேன் லா."

நான் பஞ்சுறையைச் சுட்டினேன். முப்பத்தைந்து ஆண்டுகள் ஒலிவாங்கியின் முன் நின்றவன் நான், எனக்குத் தெரியாதா? மயிரும் கூடையும் குரலின் கூர்மையை மழுக்கும், தமிழின் வல்லெழுத்துகள் ஓசையிழக்கும் என்று ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றினேன். சேவியர் பொறுமையாகக் கேட்டார். "கொஞ்சம் மழுங்கும்தான் ஐயா. அத வீட்ல சரி பண்ணிக்கலாம். காத்து விழுந்துட்டா எவனாலயும் சரி பண்ண முடியாது." நான் கேட்கவில்லை. மக்களே, மேடையில் ஒலிவாங்கி வாயிலிருந்து நான்கு விரல் தொலைவில் இருக்கும். அங்கே காற்றை வெல்வது அந்த நெருக்கம். கம்பில் தொங்குவதோ இரண்டு முழம் தள்ளி. இந்த வேறுபாடு என் அறிவுக்கு எட்டவில்லை.

"மூணு தடவதான்" என்றாள் சரோஜா, கழுத்துத் துணியை அவிழ்த்தபடி. "அதுக்கு மேல இழுத்தா வலிக்குது. கேக்காதீங்க."

அவள் விளிம்பில் நின்றாள். சேவியர் தலைக்கு மேலாகக் கம்பை நீட்டினார். அழைத்தாள். என் பதினெட்டு வயது முழுவதும் நெஞ்சுக்குள் எழுந்து நின்றது. பிறகு சேவியர் காதொலிப்பானை என்னிடம் நீட்டினார். போட்டுக் கேட்டேன். லாரியிலிருந்து கல் கொட்டுவது போல் காற்றின் ஓசை. அதற்கிடையே அவள் குரல் துண்டு துண்டாக வந்து போயிற்று. மூன்றில் ஒன்றை என் செருக்கு தின்றுவிட்டது.

நானே கூடையை எடுத்துக் கொடுத்தேன். சேவியர் குத்திக்காட்டவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு இன்றும் கடப்பாடுடையேன். ஒலிவாங்கியைத் தொங்கவிட்டு, கூடையை மூடி, மயிருறையை மாட்டி, அதன் மயிரை ஒரு சீப்பால் வாரினார். (படிந்து சடையான மயிர் காற்றைத் தடுக்காதாம்.) மீண்டும் காதொலிப்பானைப் போட்டேன். உறுமல் போயிருந்தது. கன்றுகளின் இலையில் காற்று உரசும் மெல்லிய ஓசை மட்டும் தனியே கேட்டது.

"அசையாதீங்க, சத்தம் வேணாம்" என்றார் சேவியர். சரோஜா அழைத்தாள். நாங்கள் மூச்சையும் அடக்கி நின்றோம். பாதியிலேயே குரல் தளர்ந்து இறங்கியது. அவள் திரும்பினாள்.

"பதிலே வராத எடத்துக்கு எப்படித் தம்பி கொரலு குடுக்குறது?"

"அக்கா, ரெக்கார்டிங் போவுது. பேசினா அதுவும் விழுந்துடும்."

"அது உன் சட்டம். இந்தக் காட்டுச் சட்டம் வேற." பிறகு என் பக்கம் பாராமல், பள்ளத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அன்னிக்கும் இப்படித்தான். பஸ்ஸு கீழ நிக்குது, ஆளு உள்ள ஒக்காந்திருக்காரு. மூணு தடவ கத்துனேன். சத்தமே இல்ல. வாளிய அப்படியே போட்டுட்டு ஓடியாந்தேன், பஸ்ஸு போயிருச்சி."

உண்மை. நான் கோலாலம்பூருக்குக் கிளம்பிய நாள். புதுச் சட்டை. பேருந்து நிறைய ஆள்கள். சன்னல் வழியே தோட்டத்தான் போல் கூவக் கூச்சப்பட்டு, கேட்காதவன் போல் அமர்ந்திருந்தேன். அவள் ஒருநாளும் அதைப் பேசியதில்லை. எத்தனையோ மேடைகளில் தோட்டத்து மக்களுக்காகக் குரல் கொடுத்தவன் என்று என்னை அறிமுகம் செய்திருக்கிறார்கள்.

"நான் கீழே போகிறேன்" என்றேன்.

செம்மண் சாலைக்குக் குறுக்கு வழியில் இறங்கினால் 210 மீட்டர். என் முழங்கால்களுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. அன்று பேருந்து நின்ற இடத்தில் ஒரு சிமெண்டுக் குழாய் கிடந்தது. அதனருகே நின்று கையசைத்தேன். மேலே அவள் சிறு கோடாகத் தெரிந்தாள். அவளுக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு பூனை.

"மணிண்ணோ… ஓ… ய்…"

வீட்டில் என் பெயர் மணி. அந்தப் பெயரை அந்த நீளத்தில் சொல்ல உலகில் ஒரே ஒருத்திதான் இருக்கிறாள். குன்றைத் தாண்டி, வெட்டவெளியைத் தாண்டி, என் தலைக்கு மேலாகப் போயிற்று அந்தக் குரல். நான் வாயைத் திறந்தேன். கைகளை இருபுறமும் குவித்தேன். பிறகு வந்தது:

"ஏ… சரோ… ஓ… ய்…"

வண்டிக்குத் திரும்பியதும் மூவரும் கேட்டோம். அவள் குரல் முடிந்த நொடியில் சேவியர் கம்பை மெல்லப் பள்ளத்தின் பக்கம் திருப்பியிருந்தார். வெறும் பஞ்சுறையாக இருந்திருந்தால் அந்தத் திருப்பலே புயலாகப் பதிந்திருக்கும். இலைகளின் உரசல். ஒரு குருவி. பிறகு, நூலிழை போல, நான்.

சரோஜா காதொலிப்பானை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "உங்க கொரலு இவ்வளோதானாண்ணே? மேடையில பெருசா இருக்குமே." சேவியர் சிரித்துவிட்டார். அவள் இன்னொரு முறை இயக்கச் சொன்னாள். முடிந்ததும் கழற்றி மடியில் வைத்தாள்.

"கேட்டுச்சு" என்றாள். "இப்ப கேட்டுச்சு."

அறுவை முடிந்து பதினாறு நாள் ஆகிறது. நன்றாகப் பேசுகிறாள், சமையலுக்கும் அடுத்த மாதம் திரும்பிவிடுவாள். நேற்று வீட்டுப் பின்புறம் நின்று அழைத்துப் பார்த்தாளாம். "பாதிக்கு மேல ஏறலண்ணே. காத்துதான் வருது." சில மாதங்களில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார் மருத்துவர். அவள் அதை விட்டுவிட்டு, "அது பத்திரமா இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டாள். மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன் என்றேன்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். வெட்டவெளி என்றால் கூடையும் மயிருறையும் இல்லாமல் ஏறாதீர்கள். குரலில் சிறிது மழுங்கல் வந்தால் வரட்டும். கூடையின் மூடியில் ஓர் இடைவெளியும் கூடாது. மயிர் நனைந்தால் பயனில்லை, மாற்றுறை ஒன்று வேண்டும். பதிவுக்கருவியில் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் விசையைப் போடுங்கள், ஆனால் அதையே நம்பிவிடாதீர்கள். பேசுபவருக்குப் பின்னாலிருந்து காற்று வருமாறு நிறுத்துங்கள். காதொலிப்பான் அணியாமல் எந்தப் பதிவையும் தொடங்காதீர்கள். பிறகு, உங்களுக்காகக் கம்பு பிடிப்பவர் சொல்வதைக் கேளுங்கள். என் மொத்தச் செலவு, வண்டி எண்ணெயும் சாலைச் சுங்கமும் சேர்த்து, 268 வெள்ளி.

தோட்டத்துப் பிள்ளைகளே, உங்களை அழைத்தவள் ரந்தாவிலோ லுக்குட்டிலோ புக்கிட் பெலண்டோக்கிலோ ஒரு சிறு வீட்டில் இன்று இருக்கிறாள். அடுத்த விடுமுறை என்று சொல்லாதீர்கள். பெருநாளுக்குப் போகும்போது என்று சொல்லாதீர்கள். இந்தப் பக்கத்தை மூடுங்கள். இப்போதே அவளை அழைத்து, எந்தக் காலையில் வரலாம் என்று கேளுங்கள். கூடையை எடுத்துக்கொண்டு போங்கள். அவள் குரல் கொடுத்ததும், பதிவு கெட்டாலும் கெடட்டும், மறுகுரல் கொடுங்கள்.