கபடி மைதானத்தில் காய்ந்த நெல்

என் பேத்தி படித்த மேல்நிலைப் பள்ளியில் அவள் மாலை நாலரை மணிக்கு இரண்டு இடங்களில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். கீழே மைதானத்தில் கபடிப் பயிற்சி. மாடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு சிறப்பு வகுப்பு. இரண்டு இடத்திலும் வருகை எடுக்க ஆள் இருந்தது. ஒன்றை முன்னே பின்னே தள்ளி வைக்கலாம் என்று யோசிக்கத்தான் ஆள் இல்லை.

அவள் ரெய்டு போகிறவள். தாத்தாவின் பெருமை என்று நினைக்க வேண்டாம். முந்தைய வருடம் அந்த அணி எடுத்த புள்ளிகளில் பாதிக்கு மேல் அவளுடையவை. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஓரமாக உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். குறுவட்டப் போட்டியில் முதல் ஏழு பேரில் ஒருத்தியாக இறங்க வேண்டும், அதுதான் அவள் ஆசை. அடுத்த வருடம் பள்ளியும் இல்லை, கபடியும் இல்லை.

முதல் வாரம் அரை மணி மாடியிலும் அரை மணி மைதானத்திலுமாக ஓடிப் பார்த்தாள். பாதி வந்தவளுக்கு என்ன குறிப்பது என்று வருகை எடுத்த அந்த மேதைகளுக்குத் தெரியவில்லை. இரண்டு ஆசிரியர்களும் அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்றே குறித்தார்கள்.

நான் பள்ளிக்குப் போனேன். கபடிக் கோடுகள் இருந்த இடம் முழுவதும் குறுவை நெல் கொட்டிக் கிடந்தது. பயிற்சிக்கு வந்த பெண்கள் வரிசையாக நின்று, நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார்கள். உடற்கல்வி ஆசிரியர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இதாங்க பயிற்சியா?" என்றேன்.

"கால் வலுவுக்கு ரொம்ப நல்லதுங்க ஐயா."

"யாரு நெல்லு?"

"நம்ம பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரோடதுங்க. கொள்முதல் நிலையத்துல ஈரம்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். வேற எங்க காயவைப்பாரு, பாவம்?"

"எம் பேத்தி கணக்கு வகுப்பை விட்டுட்டு வந்து அவரு நெல்லைக் கிளறணுமா?"

"ஒழுங்குன்னு ஒன்னு வேணும்லங்க. மூணு நாள் வரலன்னா முதல் ஏழுல கிடையாது. எல்லாருக்கும் அதான்."

மாடியேறிக் கணக்கு ஆசிரியையைப் பார்த்தேன். அவருக்கு என் பேச்சைவிடக் கரும்பலகையைத் துடைப்பது அவசரமாக இருந்தது.

"பிளஸ் டூ பிள்ளைக்குக் கபடி எதுக்குங்க சார்? நாளைக்கு மாமியார் வீட்டுல பாடிக்கிட்டுப் போய்த் தொட்டுட்டு வரப் போகுதா?"

இவர்கள் இரண்டு பேருக்கும் இடையே பதினெட்டுப் படிகள்தான். ஒருவர் ஏறவோ மற்றவர் இறங்கவோ கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

போட்டி நாளில் கணக்குத் தேர்வும் வைத்தார்கள். பேத்தி தேர்வை விட்டுவிட்டுப் போட்டிக்குப் போனாள். போயும், மூன்று நாள் கணக்கைக் காட்டி மாற்று ஆட்டக்காரர்கள் வரிசையில்தான் உட்கார வைத்தார்கள். நெல்லை ஒழுங்காகக் கிளறிய ஏழு பேர் இறங்கினார்கள். அந்தப் பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. யாரும் அவர்களுக்கு ஒன்றும் கற்றுத்தரவில்லை. இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்தோம்.

உடற்கல்வி ஆசிரியர் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, நீ இறங்கு."

எனக்குப் போதித்த ஒழுங்கு அந்த ஒன்பது புள்ளியோடு போயிற்று. முடியாது என்று அவள் சொல்ல வேண்டும் என எனக்கு ஆத்திரம். அவளோ கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு, காத்திருந்தது இதற்குத்தான் என்பதுபோல இறங்கினாள். பாதி ஆட்டத்தில் பதினொரு புள்ளி. இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்.

மாவட்டப் போட்டிக்கான ஏழு பேரில் அவள் பெயரை முதலில் போட்டார்கள். கூடவே ஒரு நிபந்தனை: தினமும் நாலரைக்கு மைதானத்துக்கு வந்துவிட வேண்டும். சிறப்பு வகுப்பும் அதே நாலரைக்குத்தான்.

அடுத்த வாரம் பள்ளி வாசலில் வாழ்த்து பிளெக்ஸ் கட்டினார்கள். நின்று எண்ணினேன். பதினைந்து முகங்கள். தலைமையாசிரியர், நெல்லுக்குச் சொந்தக்காரரான தலைவர், உடற்கல்வி ஆசிரியர், கபடி எதற்கு என்று கேட்ட கணக்கு ஆசிரியை, நடுவில் கோப்பை, அதைச் சுற்றி அணியின் மற்றப் பெண்கள் எல்லாரும். பேத்தி மட்டும் இல்லை.

வீட்டுக்கு வந்து அவளிடம் கேட்டேன். "போட்டோ எடுக்கறப்ப எங்க போன நீ?"

"மாடியில தாத்தா. விட்டுப்போன கணக்கு டெஸ்ட்ட எழுதிக்கிட்டு இருந்தேன்."

"உன்னக் கூப்பிடலயா?"

"கூப்பிட்டாங்க. முடிச்சுட்டுத்தான் எந்திரிக்கணும்னு டீச்சர் சொல்லிட்டாங்க. அப்பறம் அவங்க மட்டும் போய் நின்னுட்டு வந்தாங்க."