இரண்டாவது பாட்டில் தொய்ந்த தோல்

நீங்கள் பொய் சொல்லியிருக்கிறீர்கள், கிட்டார் தாத்தா. அதுவும் அச்சில் ஏறும் என்று தெரிந்தே சொல்லியிருக்கிறீர்கள்.

உங்கள் பேண்டின் பழைய இசைத்தட்டைச் சென்னைப் பையன்கள் சிலர் இந்த வருடம் மறுபடி வெளியிட்டார்கள். இரண்டே பாட்டு. கூடவே உங்கள் பேட்டியோடு ஒரு சின்னப் புத்தகம். அதில், "டிரம்ஸுக்கு மதுரையிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வந்தோம்" என்கிறீர்கள். அந்த ஆளுக்குப் பெயர்கூட இல்லை. எப்படி இருக்கும்? டிரம்ஸ் அடித்தது என் நன்னா, அதாவது என் அத்தாவைப் பெற்ற தாத்தா. அவருக்கும் மதுரைக்கும் இருந்த சம்பந்தம் ஒரு கண் ஆபரேஷன் மட்டும்.

விஷயம் தெரியாத மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நன்னா திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற தோல் ஷாப்பில் தரம் பிரிக்கிறவர். கிட்டார் தாத்தா குஜிலியம்பாறைப் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளை. படிக்க டவுனுக்கு வந்து, படிக்காமல் கிட்டார் வாங்கியவர். இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ராக் பேண்டு ஆரம்பித்தார்கள். தோல் ஷாப்பின் கிடங்கில்தான் வாசிப்பார்கள். சத்தம் என்று யாரும் சண்டைக்கு வரவில்லை. நாற்றத்துக்குப் பயந்து அந்தப் பக்கம் யாரும் வருவதே இல்லை.

டிரம்ஸ், கல்யாண பேண்டு செட்டுக்காரர் ஒருவர் வேண்டாமென்று கழித்தது. அதன் பிளாஸ்டிக் தோல் முதல் மாதமே கிழிந்தது. தோலுக்கு நாம் ஏன் வெளியே போக வேண்டும் என்றார் நன்னா. அய்யலூர் சந்தையில் வாங்கி அறுத்த ஆட்டின் தோலை ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, முறைப்படி பதனிட்டு, இழுத்துக் கட்டினார். அருமையான தோல். செருப்புக்கு. அடித்தால் தலையணையைத் தட்டுவதுபோல இருந்தது. பதனிட்ட தோல் பேசாது என்று பறை கட்டுகிறவர் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். பரம்பரையாகத் தோலிலேயே கிடக்கிற எங்கள் வீட்டில் யாரும் போய்க் கேட்கவில்லை. மூன்று தோல் வீணான பிறகுதான், சுண்ணாம்பில் முடி நீக்கிய பச்சைத்தோலைப் பதனிடாமல் அப்படியே கட்டிக் காயவைத்தார். அது பேசியது. ஒரே குறை, ஈரக்காற்று பட்டால் தொய்ந்துவிடும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் கரி அடுப்பில் காட்டி இறுக்க வேண்டும்.

இசைத்தட்டுக்குப் பதிவு செய்த அன்று மழை. முதல் பாட்டுக்கு நன்னா அடுப்பில் காட்டினார். இரண்டாவது பாட்டுக்குக் காட்டவில்லை. கரண்டு போய்விடும் என்று பதிவு செய்கிறவர் அவசரப்படுத்திவிட்டார். பாதிப் பாட்டில் தோல் தொய்ந்தது. நன்னா பலமாக அடிக்க அடிக்கச் சத்தம் இறங்கிக்கொண்டே போகிறது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் இரண்டு பேரும் சொல்லித்தான். எனக்குக் கல்யாணமான வருடம், பெருநாளுக்கு எங்கள் வீட்டில் பிரியாணி சாப்பிட வந்தீர்கள். சாப்பிட்டுவிட்டு அந்த இசைத்தட்டைப் போட்டுக் கேட்டோம். இரண்டாவது பாட்டு வந்தது.

"ஏலே, இந்தா படுத்துருச்சு பாரு உன் ஆடு" என்றீர்கள்.

"உன்னைய மழையில நிப்பாட்டுனா நீயுந்தான் படுப்ப" என்றார் நன்னா.

"செத்த நேரம் அடுப்புல காட்டுறதுக்கு என்னலே கேடு?"

"நீ எங்க நின்ன? பந்தி முடிஞ்சுரும்னு ஓடுறவன் மாதிரியில்ல ஓடுன. உன் கிட்டாரு அய்யலூருக்குப் போயிருச்சு, நான் திண்டுக்கல்லுலயே கெடக்கேன்."

கண்ணில் தண்ணீர் வரும்வரை இரண்டு பேரும் சிரித்தீர்கள். அதே பாயில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

நன்னா மௌத்தான அன்று கபரில் மூன்று பிடி மண் போட்டவர்களில் நீங்களும் ஒருவர். புத்தகத்தைப் படித்ததும் அதுதான் முதலில் ஞாபகம் வந்தது. போன் செய்தேன்.

"ஏன் தாத்தா இப்புடிச் சொன்னீங்க?"

"ஏம்மா, இது வெளிநாட்டுக்கெல்லாம் போகுது. தோல் ஷாப்பு, ஆட்டுத்தோலுன்னு சொன்னா நம்மள ஒரு பேண்டா மதிப்பானா? ஒரு கௌரவம் வேணாமா?"

"யாருக்குக் கௌரவம்?"

"எல்லாருக்குந்தேன். அவன் இருந்தா இதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டான்."

சொல்ல மாட்டார்தான். நான் சொல்வேன்.

அதே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையும் நீங்கள் படித்திருக்க வேண்டும். இரண்டாவது பாட்டில் டிரம்ஸ் மெல்ல மெல்ல இறங்குவதைப் போல ஒரு சத்தத்தை எங்கும் கேட்டதில்லை, இதை எப்படி யோசித்தார்களோ என்று அந்தப் பையன்கள் எழுதியிருக்கிறார்கள். யாரும் யோசிக்கவில்லை. மழை பெய்தது. அவர்கள் ஊர் ஊராகக் காட்டிப் பெருமைப்படுவது, நீங்கள் வெட்கப்பட்டு மறைத்த ஆட்டுத்தோலைத்தான். மதுரைக்காரர் வந்திருந்தால் பிளாஸ்டிக் தோலோடு வந்திருப்பார். பிளாஸ்டிக் மழைக்குத் தொய்யாது.

பையன்களிடமும் பேசிவிட்டேன். மறுபடி அச்சடிக்கப் போகிறார்களாம். கிட்டார் வாசித்தவர் தன் வாயால் சொன்னால் நன்னாவின் பெயரைப் போடுகிறோம் என்கிறார்கள். பேரப்பிள்ளை சொன்னால் போதாதாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கல்யாண மண்டபத்தில் உங்களுக்குப் பாராட்டு விழா. பையன்கள் வருகிறார்கள். நானும் முன்வரிசையில் இருப்பேன். சால்வையை வாங்கிக்கொள்ளுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிறகு இரண்டாவது பாட்டைப் போடச் சொல்லுங்கள். தோல் தொய்கிற இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். மைக்கைப் பிடித்து, மண்டபமே கேட்கப் பதில் சொல்லுங்கள்: படுத்தது யாருடைய ஆடு?