ஈயத்தை நம்பிப் படித்த படிப்பு

பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தின் தேர்வு முடிவு வந்த பிறகு, ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. அதை நாங்கள் எல்லோரும் மக்தாப் என்றுதான் சொல்வோம். இன்னொன்று கோலாலம்பூரில், பல்கலைக்கழகத்தில், நிலவியல் பட்டப்படிப்பு. விண்ணப்பத்தில் மருந்தியலைத்தான் முதலில் எழுதியிருந்தேன். அதன் பிறகு உயிரியல், வேதியியல். கடைசி இடம் காலியாகக் கிடக்க வேண்டாமே என்று நிலவியலை எழுதி வைத்தேன். கிடைத்தது அதுதான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஈப்போ புந்தோங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அதற்கு முன்பு கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார்கள். நான் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போது அந்தத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். குடியிருந்த லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னதும் பாத்திரம் பண்டத்தை ஒரு லோரியில் ஏற்றிக்கொண்டு புந்தோங்குக்கு வந்தோம். அந்த லோரிக்காரரிடமே அப்பா ஓட்டக் கற்றுக்கொண்டு, பிறகு பத்து காஜா போகிற வழியில் ஒரு சீன முதலாளியின் ஈயச் சுரங்கத்தில் டிரைவரானார். ஈயச் சுரங்கத்தை எங்கள் பேச்சில் லம்பம் என்போம். அம்மா, கச்சாங் பூத்தே செய்து விற்கும் வீடொன்றில் முறுக்குப் பிழியவும் கடலை வறுக்கவும் போய்க்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு யோசிப்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை.

“மக்தாப்புன்னா படிக்கும்போதே காசு குடுக்குறாங்க. முடிச்சா ஸ்கோல்ல வேலை. இதுல என்ன யோசனை வேண்டிக்கெடக்கு?”

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வீட்டு விஷயங்களில் அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்றைக்குக் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து பேசினார். அவருடைய லம்பத்துக்கு எப்போதாவது ஒருவர் வருவாராம். கையில் ஒரு சின்னச் சுத்தியல் இருக்குமாம். மண்ணைக் கிள்ளிப் பார்ப்பாராம், கல்லை உடைத்துப் பார்ப்பாராம். இங்கே தோண்டு, அங்கே தோண்டாதே என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாராம்.

“அந்த ஆளு வந்தா தவுக்கேயே நாக்காலிய விட்டு எந்திரிச்சு நிக்கிறான். அவரு படிச்ச படிப்புதான் ஒனக்குக் கெடச்சிருக்கு. நான் விசாரிச்சிட்டேன்” என்றார்.

முதலாளி எழுந்து நின்றதைத் தவிர அந்தப் படிப்பைப் பற்றி அவருக்கு வேறெதுவும் தெரியாது. அவரைவிட எனக்கும் அதிகம் தெரியாது. பக்கத்து வீட்டில் அம்மா, நான் பூகோளம் படிக்கப் போகக்கூடும் என்று சொல்லிவைத்திருந்தார்.

பதில் எழுத இரண்டு வாரம் அவகாசம் இருந்தது. அந்த இரண்டு வாரமும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காலையில் மக்தாப் என்று முடிவெடுப்பேன். துணி காயப்போட்டு முடிப்பதற்குள் மனம் மாறிவிடும். ஒரு நாள் பேருந்தில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரைக்கும் போய், அதே பேருந்தில் திரும்பி வந்தேன். கண்டக்டர் அண்ணன் மறுபடியும் டிக்கெட் கிழிக்கும்போது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

என் வகுப்புத் தோழிக்கும் மக்தாப் கிடைத்திருந்தது. அவளுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அதனால் அவள் முகத்தில் குழப்பமே இல்லை. அவளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. அவளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஈப்போ டவுனில் இருந்த ஒரு ஈயக் கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். நிலவியல் படித்த பெண்களுக்கு வேலை கொடுப்பார்களா என்று நேராகவே கேட்டுவிடுவது என்று திட்டம். உள்ளே மேசையில் தமிழ்க் கிராணி ஒருவர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொன்னார். இதுவரை பெண் யாரும் இந்த வேலைக்கு வந்ததில்லை என்றார். அதனால் எடுக்க மாட்டார்கள் என்றும் சொல்ல முடியாது, எடுப்பார்கள் என்றும் சொல்ல முடியாது என்றார். நான் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் சிரித்தார்.

“மொதல்ல படிச்சிட்டு வாங்க தங்கச்சி. நாலு வருசம் இருக்குல்ல. ஈயம் எங்க போயிரப்போவுது?”

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தக் காலத்தில் ஈப்போவில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். ஊரே ஈயத்தின் மேல்தான் நின்றது.

வெளியே வந்து தண்ணீர்க் கடையில் ஐஸ் கச்சாங் சாப்பிட்டோம். தோழி சொன்னாள், மக்தாப்புக்குப் போனால் இருவரும் ஒரே அறையில் தங்கலாம், பிறகு ஒரே ஊரில் வேலைக்கு எழுதிப்போடலாம், சனிக்கிழமைகளில் சேர்ந்து படம் பார்க்கலாம் என்று. சொல்லச் சொல்ல எனக்கு எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடம், சேலை, வீடு, பிள்ளைகள், ஓய்வூதியம். முடிவு வரைக்கும் தெரிந்தது. அப்படித் தெரிந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. நிலவியல் என்று நினைத்தால் ஒன்றுமே தெரியவில்லை. அதுவும் பயம்தான். ஆனாலும் அந்தப் பயம் வேறு மாதிரி இருந்தது.

பல்கலைக்கழகத்துக்கே பதில் எழுதினேன். அஞ்சல் நிலையத்தில் பெட்டிக்குள் போட்ட மறு நிமிடமே அதைத் திருப்பி எடுக்க முடியுமா என்று முகப்பில் கேட்டேன். முடியாது என்றார்கள். தோழி என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

கோலாலம்பூரில் என் வகுப்பில் பெண்கள் கொஞ்சம் பேர். தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான். பாடம் எனக்குப் பிடித்ததா என்று கேட்டால், பிடித்தது. களப்பயிற்சியில் காலில் அட்டை ஏறுவதையும், மழையில் நனைந்த காலணியோடு நாள் முழுக்க நடப்பதையும்கூட நான் வெறுக்கவில்லை. ஒரு மலைச்சரிவின் வெட்டுமுகத்தைப் பார்த்து, இது முன்பு கடலடியாக இருந்தது என்று விரிவுரையாளர் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் அந்தச் சிலிர்ப்பு அடங்குவதற்குள் அடுத்த கவலை வந்துவிடும். இதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? சீனியர் மாணவர்களிடம் ஓயாமல் விசாரித்தேன். எண்ணெய்க் கம்பெனி நல்ல சம்பளம் தரும், ஆனால் கடலுக்குள் மேடையில் தங்க வேண்டும், பெண்களை அனுப்ப மாட்டார்கள் என்றார் ஒருவர். அரசாங்க வேலைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். ஈயம்தான் உனக்குச் சரி, ஊரிலேயே இருக்கிறது என்றார்கள் எல்லோரும்.

தோழி மக்தாப் முடித்து தெலுக் இந்தானில் ஒரு தோட்டப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். விடுமுறையில் நான் ஊருக்கு வந்தபோது புது மோட்டார் சைக்கிளில் என்னைப் பார்க்க வந்தாள். அவளுடைய அம்மாவுக்குச் சங்கிலி வாங்கிக் கொடுத்திருந்தாள். “நீ இன்னும் படிச்சிக்கிட்டேதான் இருக்கியாடி?” என்று கேட்டாள். அதில் கேலி இல்லை. ஆனாலும் அன்று முழுவதும் அது காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. திரும்பிப் போனதும் படிப்பை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதா என்று விசாரித்தேன். மூன்றாவது வருடத்தில் யாரும் மாற்றித் தரமாட்டார்கள்.

கடைசி வருடத்தில் ஈயத்தின் விலை விழுந்தது. முதலில் அதைப் பத்திரிகையில்தான் படித்தோம். கொஞ்ச நாளில் ஏறிவிடும் என்றார்கள். ஏறவில்லை. உணவுக்கூடத்தில் எங்கள் மேசையில் அந்தப் பத்திரிகைப் பக்கம் கை மாறிக்கொண்டே இருந்தது. இறுதித் தேர்வுக்கு முந்தைய விடுமுறையில் ஈப்போவுக்கு வந்தேன். வழியெல்லாம் பேருந்து ஜன்னலில் தெரியும் லம்பங்களில் பம்புகள் ஓடவில்லை. குட்டைகளில் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

வீட்டுக்குள் நுழைந்தால் பட்டப்பகலில் அப்பா இருக்கிறார். லம்பத்தை மூடிவிட்டார்கள். முதலாளி கடைசி நாளில் எல்லோருக்கும் கையில் கொஞ்சம் கொடுத்து அனுப்பிவிட்டாராம். அப்பா அதைத் தந்தியாகவோ கடிதமாகவோ எனக்குச் சொல்லவில்லை. பரீட்சை நேரத்தில் எதற்கு என்று இருந்துவிட்டார்.

நான் தேர்வு எழுதி, பட்டத்தோடு வீட்டுக்கு வந்தேன். அதன் பிறகு நாங்கள் இருவரும் வேலையில்லாமல் ஒரே வீட்டில் இருந்தோம். அம்மா விடிகாலையில் வேலைக்குப் போய்விடுவார். அப்பா வாசலுக்கும் சமையலறைக்கும் நடப்பார். நான் பின்கட்டுக்கும் அறைக்கும் நடப்பேன். எதிரெதிரே வரும்போது ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொள்வோம். அவர் கடைக்குப் போய் பத்திரிகை வாங்கி வருவார். வேலை விளம்பரப் பக்கத்தைத் தனியாக எடுத்து மடித்து என் பக்கமாக வைப்பார். லோரி டிரைவர் வேண்டும் என்று ஏதாவது இருந்தால் அதை நான் அவரிடம் திருப்பித் தருவேன்.

அம்மா ஒரு தடவைகூட, அப்போதே சொன்னேனே என்று சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை போடவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும். ஒரு நாள் மாவு பிசைந்துகொண்டே, “மக்தாப்புக்கு இப்பக்கூட எழுதிப்போடலாமாமே” என்றார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். புந்தோங் முழுவதும் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“லம்பத்துக்குச் சுத்தியலோட வந்த அந்த ஆளப் பாத்து ஆசப்பட்டு நான்தான் ஒன்ன அனுப்புனேன். அவருக்கும் இப்ப வேல இல்லையாம்லா” என்றார்.

“நீங்க அனுப்பலப்பா. நானாத்தான் போனேன்” என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. நான் சொன்னது உண்மைதான்.

தோழி சொல்லித்தான் தற்காலிக ஆசிரியர் வேலை கிடைத்தது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. நான்காம் வகுப்புக்கு அறிவியலும் கணிதமும் எடுத்தேன். பிள்ளைகள் என்னிடம் ஒட்டிக்கொண்டார்கள். சம்பளத்தை அம்மாவிடம் கொடுத்தபோது அவர் அதைச் சாமிப் படத்தின் முன்னால் வைத்தார். தலைமையாசிரியர், இப்படியே இருந்தால் நிரந்தரமாக்கவும் வழி பிறக்கும் என்றார். மதிய வெயிலில் பள்ளிக்கூடத் தகரக் கூரையின் கீழ் நின்று, இதற்குத்தான் நேராகவே போயிருக்கலாமே, நடுவில் நான்கு வருடம் ஏன் சுற்றினேன் என்று கணக்குப் பாடத்தின் நடுவே யோசிப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நிலச் சோதனைக் குத்தகைக்காரர் பல்கலைக்கழகத்தில் என் முகவரியை வாங்கி எனக்கு ஆள் அனுப்பினார். புது நெடுஞ்சாலை வேலை நடந்துகொண்டிருந்த நேரம். ஈப்போவைச் சுற்றிலும் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதற்குள் எங்கே குகை இருக்கிறது, எங்கே பழைய லம்பத்தின் சேறு இருக்கிறது என்று துளை போட்டுப் பார்க்காமல் பாலத்தின் காலை நிறுத்த முடியாது. துளையிலிருந்து வரும் கல்லையும் மண்ணையும் பார்த்து எழுத ஓர் ஆள் வேண்டும். மூன்று மாத ஒப்பந்தம். அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை. நான் போய்ப் பார்த்தபோது அவர், பெண் பிள்ளை வெயிலில் நிற்குமா என்று மட்டும் மலாயில் கேட்டார். நிற்கும் என்றேன்.

மறுபடியும் அதே கதை. ஒரு பக்கம் நிரந்தரம், இன்னொரு பக்கம் மூன்று மாதம். தோழி ஞாயிற்றுக்கிழமை மோட்டாரில் வந்து இறங்கி, வெகுநேரம் பேசினாள். “பைத்தியமாடி ஒனக்கு? கெடைக்கிற வேலைய விட்டுட்டு மண்ணத் தோண்டப் போறியா?” என்றாள். அவள் சொன்னதில் ஒன்றைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. அம்மா அடுப்பங்கரையிலிருந்து வெளியே வரவே இல்லை. இந்த முறை அப்பாவும் எதுவும் சொல்லவில்லை. நான் அவரைப் பார்த்தபோது தலையைக் குனிந்துகொண்டார். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று மாலை வரைக்கும் காத்திருந்தேன். பிறகு நானே தலைமையாசிரியர் வீட்டுக்குப் போய், மாத முடிவோடு நின்றுகொள்கிறேன் என்று சொன்னேன். அவருக்கு வருத்தம். பிள்ளைகளுக்கும்தான்.

முதல் நாள் அப்பாவே தம் பழைய மோட்டாரில் கொண்டுபோய் விட்டார். காடு வெட்டிய மேட்டில் துளை போடும் இயந்திரம் காதடைக்கும் சத்தத்தோடு நின்றது. கல் உருளை உருளையாக மேலே வந்தது. மரப்பெட்டியில் அடுக்கி, ஈரம் காய்வதற்குள் நிறத்தையும் விரிசலையும் எழுதினேன். மதியத்துக்குப் பிறகு துளையிடும் தண்டு திடீரென்று பிடிப்பில்லாமல் கீழே இறங்கியது. ஊற்றிய தண்ணீர் திரும்பி வரவில்லை. குகை. இயந்திரத்தை ஓட்டியவர் அதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எவ்வளவு ஆழம், எவ்வளவு வெற்றிடம் என்று சொன்னேன். சொன்னது சரியாக இருந்தது.

வீடு திரும்பும்போது முழங்கால் வரைக்கும் சேறு. குளியலறைக் கல்லில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே, மூன்று மாதத்துக்குப் பிறகு என்ன செய்வது என்று யோசிக்கத் தொடங்கியிருந்தேன். அம்மா வந்து துண்டைக் கொடுத்துவிட்டு, நாளைக்கும் வேலை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

மூன்று மாதம் ஐந்தாயிற்று. பிறகு வேறு குத்தகைக்காரர், வேறு ஊர், ஓர் அணைக்கட்டு, ஒரு மலைச்சாலை. நிரந்தரம் என்று சொல்லிக்கொள்ளும் வேலை கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. அப்பா ஒரு தொழிற்சாலைப் பேருந்தில் ஓட்டுநராகச் சேர்ந்து, ஓய்வு பெறும் வரைக்கும் அதிலேயே இருந்தார். தோழி தலைமையாசிரியையாகி, நான் இன்னும் ஒப்பந்தத்துக்கு ஓடிக்கொண்டிருந்த வயதில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வீடு கட்டினாள். அந்த வீட்டுக்கு அடித்தளம் போடுவதற்கு முன்பு என்னைக் கூப்பிட்டு மண்ணைப் பார்க்கச் சொன்னாள். தெலுக் இந்தான் பக்கம் களிமண். இன்னும் ஆழமாகத் தூண் இறக்க வேண்டும் என்றேன். செலவாகுமே என்று முணுமுணுத்தாள். அப்புறம் இறக்கினாள்.