ஸ்டெல்லாக்கா கழுத்தில் இருந்த சாவி

ஸ்டெல்லாக்காவின் எண்ணிலிருந்து காலையில் அழைப்பு வந்தபோது நான் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கையால் ஷட்டரைப் பிடித்தபடி, "சொல்லுக்கா, பால் வாங்கிட்டன், டீத்தூள்தான் இல்ல" என்றேன். பேசியது அவருடைய மகள் ஜெனிஃபர். அழவில்லை. அழுகிறவர்களுக்கு ஏதாவது ஆறுதல் சொல்லலாம், அழாமல் பேசுகிறவர்களிடம் என்ன சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "மாமா, அம்மா எந்திரிக்கல. டாக்டரு வந்து பாத்துட்டாரு. தூக்கத்துலயே போயிருக்குதாம். அம்மா கழுத்துல ஒரு கார் சாவி கெடக்குது. யாருதுன்னு தெரியல மாமா" என்றாள். டாக்டர் சொன்னதெல்லாம் என் தலையில் ஏறவில்லை. சாவி மட்டும் ஏறியது. அது யாருடைய சாவி என்று எனக்குத் தெரியும். அந்த வெள்ளைக் கார் டேஷ்போர்டைக் கழற்றிய நிலையில் கடைக்குள் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஷட்டரைத் திரும்பவும் கீழே இறக்கிவிட்டேன்.

ஓசூரில் பாகலூர் சாலைப் பக்கம் காருக்கு ஏசி பார்க்க வந்தவர்களுக்கு அந்தக் கழுத்துச் சாவி நினைவிருக்கும். உங்களில் பலர் அதற்காக அவரோடு சண்டை போட்டிருக்கிறீர்கள். காரின் முன்பக்க விசிறி இஞ்சின் நின்ற பிறகும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். யாராவது மறதியாகச் சாவியைத் திருப்பினால் பெல்ட் ஓடும். எனக்கும் அக்காவுக்கும் பழக்கம் உண்டானது கம்ப்ரஸர் செய்யும் ஒரு தொழிற்சாலையில். அங்கே கூட வேலை செய்தவர் ஒருவரின் விரல் இயந்திரத்தில் போனதை அக்கா கிட்ட நின்று பார்த்திருக்கிறார். அதனால் நாங்கள் சேர்ந்து கடை போட்ட அன்றே ஒரு சட்டம் வைத்தார். "எவன் கை உள்ள இருக்குதோ அவன்கிட்ட சாவி இருக்கக் கூடாது. வண்டிக்காரன்கிட்டயும் இருக்கக் கூடாது. இன்னொருத்தரு கழுத்துல தொங்கணும்" என்றார். வண்டிக்குள் நான் கையை விட்டால் சாவி அவர் கழுத்தில், சிலுவைச் சங்கிலிக்குப் பக்கத்தில், ஒரு கறுப்புக் கயிற்றில். அவர் கை விட்டால் என் கழுத்தில். வேலை முடியாமல் அந்தக் கயிறு இறங்காது. பாதி வேலையில் கடை மூடினால் சாவி கழுத்தோடு வீட்டுக்கே போகும். காருக்குள் மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்க அவர் வீட்டு வாசலில் போய் நின்றவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே இருப்பீர்கள்.

வீட்டுக்குப் போனேன். ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள், ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் காதில் அந்தப் பெட்டியின் கம்ப்ரஸர் சத்தம் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. ஓடும், கடகடவென்று உதறும், நிற்கும். ஒருமுறை நின்றது, திரும்ப ஓட வேண்டிய நேரத்தில் ஓடவில்லை. பெட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். விசிறியில் மாலையின் நார் சுற்றியிருந்தது. ஜெனிஃபர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மாமா, கரண்ட்ட நிறுத்தட்டுமா? நிறுத்தாம நீங்க கை வெச்சா அம்மா திட்டும்" என்றாள். சொல்லிவிட்டுத்தான் அழுதாள். அவள் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்க, நான் நாரை எடுத்தேன்.

ஸ்டெல்லாக்காவைத் தைரியசாலி என்று அன்று நிறையப் பேர் சொன்னார்கள். ஆண்கள் மட்டும் இருக்கும் தொழிலில் ஒரு பெண், அதனால் அப்படிச் சொல்லத் தோன்றும். அவர் காதில் விழுந்திருந்தால் சிரித்திருப்பார். என்னைக் கேட்டால், ஓசூரிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி அவர்தான். சாலையைக் கடக்க முன்பின் தெரியாதவர் கையையும் பிடித்துக்கொள்வார். லிஃப்டில் ஏறமாட்டார். ஒவ்வொரு வண்டியின் பானெட்டைத் தூக்கும்போதும் "பயமா இருக்குதுப்பா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் தொடுவார். ஒருமுறை சிப்காட்டில் வேலை செய்யும் ஒருவர், "இவ்ளோ பயம்னா எதுக்கும்மா இந்த வேலைக்கு வந்தீங்க?" என்று கேட்டுவிட்டார். அக்கா ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ரோட்டுக்கு அந்தாண்ட ஒருத்தன் கடை வெச்சிருக்கறான். அவனுக்கு எதுக்குமே பயமில்ல. வண்டிய அங்க ஓட்டிக்கினு போ சாமி" என்றார். கேட்டவர் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பயந்தவர் என்பதால் அவசரமே கிடையாது. குளிரவில்லை என்று யாராவது வந்தால் மற்ற கடைகளில் உடனே கேஸை ஏற்றிவிடுவார்கள். இவர் முதலில் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து கதை கேட்பார். "எப்போ சில்லுனு வரல? சூளகிரி தாண்டி ஓடறப்பவா, இங்க சிக்னல்ல நிக்கறப்பவா?" ஓடும்போது குளிர்ந்து, நின்றால் சூடாகிறது என்றால் கேஸில் குறை இல்லை, முன்னால் இருக்கும் விசிறியைப் பார்க்க வேண்டும். இரண்டிலும் இல்லையென்றால் எங்கேயோ ஒழுகுகிறது, ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் மறுபடி கேஸ் போடக் கூடாது. இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை, நானும் செய்வேன். ஆனால் நான் கேட்டால் வண்டிக்காரர்கள் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வார்கள். அவரிடம் மாமியார் சண்டை வரைக்கும் சொல்வார்கள்.

எங்கள் கடையில் இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரே கொட்டகைக்குள் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வெங்கடேசுலு வெல்டிங் கடை வைத்திருக்கிறார். ஏசி பைப்பைத் திறக்கும் முன் திறக்கிறவர் "தெறக்கறன்!" என்று கத்த வேண்டும். வெங்கடேசுலு கையில் இருக்கும் நெருப்பை அணைத்துவிட்டுத் தெலுங்கில் "சரே!" என்பார். அக்கா திறந்தால் நான் என் வீட்டுக் கன்னடத்தில் "ஆய்த்து!" என்பேன். நான் திறந்தால் அக்கா தமிழில் சொல்வார். பதில் எல்லாம் வந்த பிறகுதான் திறப்பது. அவர் வழக்கமாகச் சொல்லும் பதில், "பயமா இருக்குது, தெற." அது இல்லாமல் நான் ஒரு பைப்பும் திறந்ததில்லை.

இந்தப் பதில் கேட்கும் பழக்கத்தைக் கேலி செய்தவர்களுக்காக ஒரு வெள்ளிக்கிழமைச் சாயங்காலத்தைச் சொல்ல வேண்டும். கர்நாடகப் பதிவெண் வைத்த ஒரு கார் அத்திப்பள்ளிப் பக்கமிருந்து வந்தது. காவேரிப்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற குடும்பம். மனைவியும் பிள்ளைகளும் எதிரே டீக்கடையில் உட்கார்ந்தார்கள். "போன வாரந்தான் வழியில ஒரு எடத்துல கேஸ் போட்டன். ரெண்டே நாள், மறுபடியும் அனல்" என்றார் வண்டிக்காரர். வண்டி ஆறியதும் அக்கா அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினார். ஆறி நிற்கும் வண்டியில் முள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்கவில்லை. "என்னமோ ஒத்து வரல மஞ்சு. பயமா இருக்குது" என்றார் என்னிடம். நான் காருக்குள் தலையை டேஷ்போர்டுக்கு அடியில் விட்டு, கூலிங் காயிலுக்குப் போகும் பைப்பைப் பிடித்தபடி மல்லாந்து கிடந்தேன். மிச்சமிருக்கும் கேஸை வெளியேற்ற வேண்டும். "தெறக்கறன்!" என்று கத்தினார். "ஆய்த்து அக்கா!" என்றேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இன்னொரு முறை கத்தினார். இல்லை.

வண்டிக்காரர் அவசரப்பட்டார். "அவரு வேலைய நிறுத்திட்டாரு பாருங்க, சத்தமே இல்ல. தெறங்கம்மா, ரிசப்ஷனுக்குப் போவணும்." எனக்கும் கழுத்து வலித்தது, "தெறக்கா" என்று உள்ளிருந்து நானும் சொன்னேன். "தெலுங்கு வரலியே" என்றார் அக்கா. செருப்புச் சத்தம் தடுப்பைச் சுற்றிக்கொண்டு ஓடியது. பிறகு ஒரு தட்டு விழுந்து உருளும் சத்தம், வெங்கடேசுலு கத்தும் சத்தம்.

வெங்கடேசுலு வெள்ளிக்கிழமை தோறும் தன் மெஷினுக்குப் பொட்டு வைத்துப் பூஜை செய்வார். பூஜை முடியும் வரை வாயைத் திறக்கமாட்டார், அது அவர் வீட்டு வழக்கம். தட்டில் கற்பூரம், கையில் உரசிய தீக்குச்சி. அக்கா அந்தக் குச்சியை வெறும் விரலால் நசுக்கி அணைத்திருக்கிறார். "சாமிகிட்டயாக்கா வெளையாட்டு?" என்று அவர் உடம்பெல்லாம் பதறிக் கத்தினார். நான் வெளியே வந்து பார்த்தபோது அக்கா கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். "மன்னிச்சிக்கோ வெங்கடேசு. தப்புதான். வண்டிய வெளிய தள்ளிட்டு வந்துடறன், அப்பறம் ஏத்திக்கோ. எனக்கு இந்த வண்டிய இங்க தெறக்கப் பயமா இருக்குது." முணுமுணுத்துக்கொண்டே ஸ்டார்ட் செய்யாமல் எல்லாரும் சேர்ந்து வண்டியைப் பக்கத்துக் காலி மனைக்குத் தள்ளினோம். எங்களைத் தூரமாகப் போகச் சொல்லிவிட்டுக் கொஞ்சமாகத் திறந்தார்.

புஸ்ஸென்று சத்தம் வந்தது, பின்னாலேயே வாடை வந்தது. அடுப்பைச் சரியாக அணைக்காத வீட்டில் வரும் வாடை. எவனோ கார் ஏசியில் சமையல் கேஸை நிரப்பி அனுப்பியிருக்கிறான். அது மேலே எழும்பிப் போகாது, தரையோடு ஊரும். எங்கள் தகரத் தடுப்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. உள்ளேயே திறந்திருந்தால் அந்தப் பக்கம் எரியும் கற்பூரம். இந்தப் பக்கம் காருக்குள் தலையை விட்டுக் கிடந்த நான். வெங்கடேசுலு என் தோளைப் பிடித்துக்கொண்டார். வண்டிக்காரர் டேஷ்போர்டில் சாமி படத்துக்கு முன்னால் இருந்த தீப்பெட்டியைச் சுட்டிக்காட்டி, "தெனம் உள்ளதாங்க ஊதுபத்தி ஏத்தறன். கதவத் தெறந்து வெச்சித் தொடைக்கறப்போ ஏத்துவன்" என்றார். எதிரே அவர் பிள்ளைகள் பன் தின்றுகொண்டிருந்தார்கள். ஸ்டெல்லாக்கா அப்படியே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். அந்தக் குடும்பத்தைப் பஸ் ஏற்றி அனுப்பிய பிறகுதான் எழுந்தார்.

அன்றிலிருந்து வெங்கடேசுலு தன் வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டார். பூஜைக்கு வாய் மூடும் முன் தடுப்பைத் தாண்டி "அக்கா, கற்பூரம் ஏத்தறன்!" என்று கத்துவார். அக்கா "ஏத்து" என்ற பிறகுதான் குச்சியை உரசுவார். இந்த வெள்ளிக்கிழமை அவர் கத்தவில்லை. கற்பூரமும் ஏற்றவில்லை.

அந்தக் கடைசிச் சாயங்காலம் வெள்ளைக் காரில் டேஷ்போர்டைக் கழற்றி முடித்திருந்தோம். கூலிங் காயில் ஒழுகுகிறது, மாற்ற வேண்டும். "மிச்சத்த காலைல தெறக்கலாம் மஞ்சு. இன்னிக்கி என்னமோ பயமா இருக்குது" என்றார். தினமும் கேட்கிற பேச்சு, நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் "சரிக்கா" என்றேன். அன்று அவர் பயந்தது காரைப் பார்த்தா, நெஞ்சுக்குள் வேறு ஏதாவது தெரிந்ததா? இதை யோசிக்க ஆரம்பித்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அடக்கம் முடிந்து ஜெனிஃபர் சாவியைக் கயிற்றோடு கொண்டுவந்து கொடுத்தாள். கார் வேப்பனப்பள்ளி டிரைவர் ஒருவருடையது. அந்தக் கார்தான் அவர் பிழைப்பு. அவர் அவசரப்படுத்தவே இல்லை, "நீங்க தேறி வாங்கண்ணா" என்று மட்டும் சொன்னார். நான் தினமும் கடையைத் திறப்பேன், காருக்குப் பக்கத்தில் போவேன், திரும்பி வந்து ஸ்டூலில் உட்காருவேன். இத்தனை வருடம் அவர் எனக்கும் சேர்த்துப் பயந்துகொண்டிருந்தார். அதனால் நான் தைரியமான ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்தப் பைப்பைத் தொடவே எனக்குப் பயம்.

நேற்று வெங்கடேசுலு தானாகவே தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்து குனிந்து நின்றார். கயிற்றை அவர் கழுத்தில் மாட்டினேன். அவர் போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டார். நான் பைப்பில் ஸ்பேனரை வைத்து, "தெறக்கறன்!" என்றேன். "சரே!" என்று வந்தது.

தமிழ் வரவில்லை. வராது என்று தெரிந்தும் ஸ்பேனரைப் பிடித்தபடி நின்றேன். அவசரப்படுத்த யாரும் இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் வெங்கடேசுலுவும் அசையாமல் நிற்பது தெரிந்தது. அவரும் அதே குரலுக்குத்தான் காத்திருந்தார்.

சாவி அந்த டிரைவரிடம் போய்விட்டது. கயிற்றைக் கழற்ற மனமில்லை என்று வெங்கடேசுலு வைத்துக்கொண்டார். கடை எனக்கும் ஜெனிஃபருக்கும். ஸ்டெல்லாக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய பயத்தை மட்டும்தான், அதை யாருக்கும் தரமாட்டேன். நேற்று அப்படிக் காத்து நின்றுவிட்டு, கடைசியில் அவர் பதிலை நானே சத்தமாகச் சொன்னேன்.

"பயமா இருக்குது, தெற."

திறந்தேன்.