டாக்டர் பட்டத்துக்கு ஒரு முழம் ஜெர்மன்

ஜெர்மன் படிக்க ஆசைப்பட்டு என் வகுப்புக்கு வந்தவர் ஒருவர்கூடக் கிடையாது; எல்லோருமே விதியே என்று வந்தவர்கள். தலைவிதி இல்லை, பல்கலைக்கழக விதி. எண்பதுகளில் விஞ்ஞானப் பாடங்களில் பிஎச்.டி. செய்கிறவர்களுக்குச் சில இடங்களில் இப்படி ஒரு நிபந்தனை இருந்தது: ஜெர்மன், ஃபிரெஞ்சு, ரஷ்யன் என்று ஏதாவது ஓர் அயல்மொழியில் கொடுக்கும் பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தேற வேண்டும். அகராதி வைத்துக்கொள்ளலாம். தேறாவிட்டால், நீங்கள் அணுவையே பிளந்து கையில் கொண்டுபோனாலும் ஆய்வேட்டை வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில், ஜெர்மன் மெஷின்களோடு வரும் கையேடுகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்குப் பின்னால், நாங்கள் குடியிருந்த மாடி போர்ஷனின் முன்னறையில் வகுப்பு. பகல் முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகளை மிரட்டிவிட்டு வரும் விரிவுரையாளர்கள், என் கோரைப்பாயில் உட்கார்ந்ததும் எல்.கே.ஜி. முகத்தோடு விழிப்பார்கள். வேலை, குடும்பம், நடுவில் ஒரு பரீட்சை என்று நீங்களும் அல்லாடியிருந்தால் இவர்களை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

முதல் பாடம்

பரீட்சைக்கு வாசித்துப் புரிந்துகொண்டால் போதும், பேச வேண்டியதில்லை. ஆனாலும் வாய்விட்டுச் சொல்லாத பாஷை மண்டையில் தங்காது என்பது என் கட்சி. ஆரம்பமே தகராறு. ஜெர்மனில் ‘நான்’ என்பதற்குக் கிட்டத்தட்ட ‘இஷ்’ என்று சொல்ல வேண்டும். நாக்கை அண்ணத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காற்றை மெல்ல விட வேண்டும். எங்கே மெல்ல? வகுப்பே சேர்ந்து “இஷ்! இஷ்!” என்று சீறியது.

கீழ் வீட்டில் வீட்டுக்காரம்மா கன்னியம்மா இருந்தார். பின்கட்டில் கோழி வளர்த்தார். சத்தம் கேட்டுத் துடைப்பத்தோடு தடதடவென்று மாடி ஏறி வந்துவிட்டார். கோழியைப் பிடிக்க நாய் ஏதோ வந்துவிட்டது, நாங்கள் மேலேயிருந்து விரட்டுகிறோம் என்று நினைத்தாராம். இல்லைம்மா, இது ஜெர்மன், இவர்கள் எல்லோரும் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவர்கள் என்று விளக்கினேன். கன்னியம்மா எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தார். துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னார்:

“இத்தினி பேரு கத்திகினு கீறீங்க, கீய ஒரு கோழிகூட அசையல. இன்னா பாஷைம்மா இது?”

மூன்று பால்

தணிகாசலம் ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர். சொன்னதை மறுபேச்சில்லாமல் எழுதிக்கொள்வார். ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண், பெண், இரண்டும் இல்லாதது என்று ஒரு பால் உண்டு. அதற்குக் காரணகாரியம் தேடக் கூடாது. மேசை ஆண் என்றேன், எழுதினார். நிலா ஆண், சூரியன் பெண் என்றேன். லேசாகத் தலையைச் சொறிந்தார், ஆனாலும் எழுதினார்.

அடுத்து ‘மேட்ஷென்’ என்ற சொல் வந்தது. சின்னப் பெண் என்று அர்த்தம். பால்? இரண்டும் இல்லாதது. மேசை, விளக்குக்கெல்லாம் ஆண் என்றும் பெண் என்றும் மரியாதை. வீட்டுப் பெண் மட்டும் அஃறிணை மாதிரி! தணிகாசலத்தின் பேனா நின்றுவிட்டது. இலக்கணம் அப்படித்தான், எழுதிக்கொள்ளுங்கள் சார் என்றேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகினார்.

“மேடம், எனக்கு மூணும் பொண்ணுங்க. இதை மட்டும் வீட்ல சொல்லிப் பாடம் பண்ணேன்னு வைங்க, ராத்திரி எனக்குச் சோறு கிடையாது.”

ஆற்றுக்கு வந்த பரிசு

பூந்தமல்லியிலிருந்து வந்த கிரேஸ், நீர்த்தாவரங்களில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். வகுப்பிலேயே வேகமாக மொழிபெயர்ப்பவள் அவள்தான். வேகத்துக்குக் காரணம், ஆங்கிலம் மாதிரி இருக்கும் சொற்களுக்கு அகராதியைப் புரட்டவே மாட்டாள். மாதிரித் தேர்வுக்கு நான் கொடுத்த பகுதியில் ‘கிஃப்ட்’ என்றொரு சொல். எழுத்துகூட மாறாமல் ஆங்கிலச் சொல்லேதான். ஆனால் ஜெர்மனில் அதற்கு விஷம் என்று பொருள்.

கிரேஸின் விடைத்தாளில், ஒரு தொழிற்சாலை தினமும் ஆற்றுக்குப் பரிசு வழங்கிக்கொண்டே இருந்தது. பரிசு அளவுக்கு மீறிப் போனதால் மீன்கள் இறந்தன. நான் சத்தமாக வாசிக்க, வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. கிரேஸ் மட்டும் சிரிக்கவில்லை. விஷயத்தை விளக்கியதும் கொஞ்சம் யோசித்தாள்.

“எங்க ஏரிக்கும் பக்கத்து ஃபேக்டரிக்காரங்க தினம் இதைத்தான் குடுக்கறாங்க மேடம். அவங்களும் அகராதி பாக்காதவங்க போல.”

வினைச்சொல் வரும் வரை

செண்பகவல்லியின் கதை கொஞ்சம் நீளம். திருநெல்வேலிக்காரி, கணவர் சுடலைமுத்துவுக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். செண்பகம் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டே ஆராய்ச்சியை முடித்திருந்தாள். ஆய்வேடு தயார். ஜெர்மனில்தான் இரண்டு முறை போய்விட்டது. பதிவுக்காலம் அந்த வருஷத்தோடு முடிகிறது. இனி நீட்டிக்க முடியாது என்று கைடு சொல்லிவிட்டார். இந்த முறையும் போனால் அத்தனை வருஷ உழைப்பும் பரணுக்குப் போக வேண்டியதுதான். ஒரு நாள் பாதி வாக்கியத்தில் நின்று, பாயிலேயே அழுதுவிட்டாள்.

அவளுடைய சிக்கல் எனக்குத் தெரிந்தது. முதல் சொல்லிலிருந்தே மொழிபெயர்க்கத் தொடங்கிவிடுவாள். ஜெர்மன் வாக்கியத்திலோ பல நேரம் வினைச்சொல் கடைசியில் உட்கார்ந்திருக்கும். அது வந்து எல்லாவற்றையும் கவிழ்க்கும். “நம்ம தமிழிலும் அப்படித்தானே செண்பகம்? கடைசிவரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வா” என்றேன். தலையாட்டினாள், பிடிபடவில்லை. அவளைக் கூட்டிப்போக வந்து வாசற்படியில் நின்றுகொண்டிருந்த சுடலைமுத்து செருமினார்.

“எங்க ஃபோர்மேனும் இப்படித்தான் டீச்சர். திட்டுதாரா பாராட்டுதாரான்னு கடைசி வார்த்தை வரைக்கும் தெரியாது. நாங்க வாயத் தொறக்காம நின்னுக்கிட்டே இருப்போம்.”

நனைந்த அகராதி

செண்பகம் அழுகையோடேயே சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஜெர்மன் வாக்கியத்தையும் ஃபோர்மேனாகவே பாவித்துப் பொறுமையாக நின்று கேட்கப் பழகினாள். பரீட்சை நாளன்று பேய் மழை. தண்டவாளத்தில் தண்ணீர், மின்சார ரயில் ஓடவில்லை. சுடலைமுத்து அவளை சைக்கிளில் வைத்து மிதித்து, பாதி வழியில் ஒரு லாரியைக் கெஞ்சி நிறுத்தி, எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். பரீட்சை தொடங்கிவிட்டிருந்தது. சொட்டச் சொட்டப் போய் உட்கார்ந்து அகராதியைத் திறந்தால், அது திறக்கவில்லை. நனைந்த அப்பளக் கட்டு மாதிரி பக்கமெல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டி.

வேறு வழியில்லை. தெரிந்த சொற்களைப் பிடித்துக்கொண்டு, வினைச்சொல்லுக்குக் காத்திருந்து, தெரியாததை ஊகித்து எழுதினாள். முடிவு தெரிகிறவரை நானும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் படியேறி வந்தார்கள். சுடலைமுத்துவின் கையில் அல்வாப் பொட்டலத்தைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. செண்பகம் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“போன ரெண்டு தடவையும் அகராதியப் புரட்டியே நேரம் போயிட்டு டீச்சர். இந்தத் தடவ அது தொறக்காமப் போனதாலதான் முழுசா எழுதி முடிச்சேன்.”

யார் வேண்டுமானாலும் வரலாம்

ஆய்வேடு போய், வெளித் தேர்வாளர்கள் நல்லபடியாக அறிக்கை எழுதி, கடைசிப் படியான பொது வாய்மொழித் தேர்வு வந்தது. அறிவிப்பில் ‘ஆர்வமுள்ள அனைவரும் வருக’ என்று போட்டிருந்தார்கள். வழக்கமாகத் துறைக்காரர்கள் நாலைந்து பேர் டீ குடிக்க வருவார்கள். சுடலைமுத்து அறிவிப்பை அப்படியே நம்பி, குவார்ட்டர்ஸ் வரிசை முழுவதையும் பஸ் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டார். அவருடைய அம்மா முன் வரிசையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷமும் மருமகள் வகுப்புக்கும் லேபுக்கும் ஓடியபோது வீட்டில் சமைத்துப் போட்டவர் அவர்தான்.

செண்பகம் படிகங்களைப் பற்றிக் கணீரென்று பேசினாள். தேர்வாளர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கடைசியில் தலைவர், சம்பிரதாயத்துக்கு, அவையிலிருந்து யாராவது கேள்வி கேட்கலாம் என்றார். மாமியார் கையைத் தூக்கினார். செண்பகத்தின் முகம் வெளுத்துவிட்டது. “ஐயா, இனியாவது இவ சாயங்காலம் அடுக்களைப் பக்கம் வருவாளா?” என்று கேட்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

“அம்மா, அது இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.”

தொண்ணூறுகளில் அந்த மொழி நிபந்தனையை எடுத்துவிட்டார்கள், என் வகுப்பும் தானாகவே காலியாகிவிட்டது. ஒரு மனிதரைக் கொஞ்சமாவது அழவைக்காமல் டாக்டர் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகங்களுக்கு அழகில்லை என்பதால், அந்த வேலையை இப்போது வேறு யாரோ சாயங்காலங்களில் செய்துகொண்டிருப்பார்கள்.