பல்லுக்குள் விட்டுப்போன ஊசித்துண்டு

மட்டாஞ்சேரியில் பெண்களுக்குத் துணி தைத்துக் கொடுக்கிறேன். போன வருடம் எங்கள் தெரு டாக்டரிடம் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனல் செய்துகொண்டேன். மெல்லிய ஊசியால் வேரைச் சுரண்டும்போது ‘டிக்’ என்று சத்தம் கேட்டது. “ஒண்ணுமில்ல இத்தா, வாயை மூடாதீங்க” என்றார்; எங்கள் பக்கம் முஸ்லிம் பெண்களை அக்கா என்பதுபோல் இத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். பல்லை அடைத்து, கேப்பும் போட்டு அனுப்பினார்.

ஆறே மாதத்தில் ஈறு வீங்கிச் சீழ் வைத்தது. எர்ணாகுளத்தில் ஒரு டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்தார். “வேருக்குள்ள ஊசி ஒடிஞ்சு வழியை அடைச்சிருக்கு இத்தா. அன்னிக்கே சொல்லியிருந்தா எடுக்கப் பார்த்திருக்கலாம்” என்றார். எலும்பே அரித்துப்போயிருந்ததால் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

பழைய டாக்டரிடம் போய்க் கேட்டேன். “சாரமில்ல, விடுங்க இத்தா. சொன்னா நீங்க பேடிச்சுப் பயந்துபோயிருப்பீங்க” என்று சிரித்தார்.

ஊசி ஒடிவது எனக்குத் தெரியாததா? என் மெஷினிலும்தான் ஒடிகிறது. துண்டுகளைத் தேடிச் சேர்த்து, முழு ஊசியும் கிடைத்த பிறகுதான் துணியைக் கொடுப்பேன்.

சென்ற மாதம் மகளுக்குப் பல் அடைத்தபோது, கடைசி எக்ஸ்ரேயைக் கண்ணால் பார்த்த பிறகே அவளை நாற்காலியிலிருந்து எழுந்திருக்க விட்டேன். ஒரு சுடிதாருக்கு நான் காட்டும் அக்கறையை அந்தத் தெரு டாக்டர் என் வாய்க்குக் காட்டவில்லை.