வௌவால் வராத ஆண்டு

செமினியில் மாமா வீட்டுக்குப் பின்னால் ஒரு டுரியான் மரம் நின்றது. மாமா, அம்மாவின் அண்ணன். பருவம் வந்தால் அந்த மரத்திலிருந்து ஒரு சாக்குப் பழம் போர்ட் கிள்ளானில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அம்மாவுக்கு அதுதான் பிறந்த வீட்டுச் சீர். பக்கத்து வீட்டு ஆன்டிகளைக் கூப்பிடாமல் சாக்கைப் பிரிக்க மாட்டார்.

எனக்குப் பத்து வயது இருக்கும். கிடங்கு கட்டுவதற்காகக் கடலோரச் சேற்றுக்காட்டை வெட்டினார்கள். வெட்டிய மரங்களை லோரியில் ஏற்றிப்போவது அப்பாவின் வேலை. ஒருநாள் என்னையும் முன் இருக்கையில் உட்காரவைத்து ஓட்டினார். மகாராணி மாதிரி போனேன். வெட்டிய கிளைகளில் அப்பாவின் சவர பிரஷ் போலப் பூக்கள் இருந்தன. ஒன்றைக் காதில் செருகிக்கொண்டேன்.

அடுத்து வந்த பள்ளி விடுமுறையில் செமினிக்குப் போனோம். டுரியான் மரம் கொள்ளாமல் பூத்திருந்தது. காலையில் அதன் அடியில் உதிர்ந்து கிடந்ததும் அதே மாதிரி பிரஷ்தான்.

"மாமா, இந்தப் பூ அப்பா லோரியிலயும் இருந்துச்சு."

"அடி ஆத்தாடி! உங்கப்பா லோரியில டுரியான் காய்க்குதா?" என்று மாமா சிரித்தார். அன்று அவருக்கு ஒரே குஷி. அம்மாவிடம், "இந்த வருஷம் வௌவால் தொல்லையே இல்ல, தங்கச்சி. எப்பவும் வந்து பூவ மேஞ்சிட்டுப் போகும். இந்தத் தடவை ரெண்டு சாக்கு அனுப்புறேன் பாரு" என்றார்.

ஒரு பழம்கூட வரவில்லை. பூவெல்லாம் கொட்டிப்போய்விட்டது, பிஞ்சே நிற்கவில்லை என்று மாமாவே நேரில் வந்து சொன்னார். அப்பா நம்பவில்லை.

"அவ்வளவு பூ பூத்த மரம் லா! யாருக்குக் காது குத்துறீங்க மச்சான்? பாசார்ல வித்துட்டேன்னு சொல்லிட்டுப் போங்க."

மாமா தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். அம்மா அழுதார். எனக்கு அப்பா மீதும் மாமா மீதும் கோபம். பழம் கிடைக்காத கோபம் தனி. அந்தத் தீபாவளிக்கு நாங்கள் செமினி போகவில்லை, பிறகும் பல தீபாவளிகளுக்குப் போகவில்லை. மரம் பட்டுப்போய்விட்டது என்று ஆன்டிகளிடம் அம்மா சொல்லிவைத்தார்.

அந்த வௌவால்கள் பூவைத் தின்பதில்லை என்று மிகவும் பிந்தித்தான் படித்தேன். குகைகளில் தங்கி, இரவில் வெகுதூரம் பறந்து தேன் குடிக்கின்றன. அவை மகரந்தம் சுமந்து வந்தால்தான் டுரியான் நன்றாகக் காய்க்கும். டுரியான் பூப்பதோ சில வாரங்கள். மற்ற மாதங்களில் அவற்றுக்குச் சோறு போடுவது கடலோரக் காட்டுப் பூக்கள். ஒன்றையொன்று பார்த்தே இராத இரண்டு மரங்கள் ஒரே விருந்தாளியை நம்பிப் பூத்திருக்கின்றன.

காட்டை வெட்டியதால்தான் மாமாவின் மரம் காய்க்கவில்லை என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அம்மாவுக்கு வராத அந்தச் சாக்கு அப்பாவின் லோரியில்தான் போனது என்றே எனக்குத் தோன்றுகிறது. முன் இருக்கையில் நான், காதில் பூவோடு, மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.